ஒலிக்கும் ஓர் இடம் உண்டு

ஐம்பொறிகளுள் கண்ணுக்கே முதன்மை கூறுவது உலக வழக்கு. ஆயினும் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது தன் முன்னுள்ளதையே காணும்; முதுகுப் புறத்தே நிற்பதனை அறியாது. இமை மூடினால் அதுவும் இல்லை. செவிக்கோ இமையில்லை. முன்னும் பின்னும், வலமும் இடமும் எழுகின்ற ஒலிகளையெல்லாம் ஒருங்கே ஏற்று, இஃது இன்ன திசையினின்று வந்தது என்று அது நமக்கு அறிவிக்கின்றது. அயர்ந்து உறங்கும் தாயைக் குழந்தையின் சிணுங்கல் எழுப்புவதும், பின்னே வரும் வண்டிக்கு நாம் வழிவிட்டு விலகுவதும் செவி செய்யும் உபகாரங்களே.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே வாழ்கின்றவன் யான். இவ்வூரிலே விடியற்காலையிற் கோயில் மணி ஒருபுறம் கேட்கும். தேவாலய மணி மற்றொருபுறம் கேட்கும். பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி வரும். மீன்பிடி வள்ளங்களின் இயந்திர ஓசை கடற்புறத்தே எழும். பாயிற் கிடந்தபடியே, கண் திறவாமலே, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகின்றது என்று இவ்வூர்ச் சிறுவனும் சொல்லுவான்.

இத்திசையுணர்ச்சியை ஒரு கணினியும் ஆறு ஒலிபெருக்கிகளும் கொண்டு ஓர் அறையினுள்ளே உண்டாக்கலாம். அதனை உண்டாக்கப் புகுந்த எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்தாருக்கு எதிர்பாராத உண்மையொன்று புலப்பட்டது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்கு ஒலிபெருக்கியோடு என்ன தொடர்பு என்று வினவுவார்க்கு, சிலப்பதிகாரமே அத்தொடர்பு என்று முன்னதாகவே கூறிவைக்கின்றேன்.

அரங்கும் அளவும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள், இளங்கோவடிகள் அரங்கின் இலக்கணத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கூறுகின்றார் என்பதை அறிவர். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் உடையது அரங்கு. தளத்திற்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நாலுகோல். புகவும் வெளிவரவும் இரண்டு வாயில்கள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தே விழாதவாறு விளக்கு வைக்கப்படுகின்றது. எழினிகள் மூவகை. இவையெல்லாம் அமைந்த பின்னரே மாதவி அரங்கேறுகின்றாள்.

ஆடலுக்குரிய இசைக் கருவிகள் ஒலிக்கும் முறையையும் அடிகள் வரிசைப்படுத்திக் கூறுகின்றார். குழல் முன்னே செல்கின்றது. குழலைத் தொடர்ந்து யாழ். யாழைத் தொடர்ந்து தண்ணுமை. தண்ணுமையைத் தொடர்ந்து முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. ஐந்து கருவிகள், ஐந்தும் ஓர் ஒழுங்கில் இயைந்து நிற்கின்றன. இப்பகுதியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை இருந்து வந்தது. மாணவர் பதவுரை எழுதுவர். கருவிகளின் பெயரை மனனஞ் செய்வர். பரீட்சையிற் புள்ளியும் பெறுவர். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிகள் வந்து இணையும்போது செவியில் நிகழ்வது யாது என்பதை அவர்கள் கேட்டறிந்ததில்லை. கேட்கப்பட வேண்டியதனைக் கண்ணால் மட்டும் படிப்பது, பாயசத்தின் செய்முறையைப் படித்துவிட்டுப் பசியாறினோம் என்பது போலாகும்.

இவ்விடத்தே சுவாமி விபுலாநந்தரை நினையாதிருத்தல் இயலாது. மட்டக்களப்பு மண்ணிலே தோன்றிய அப்பெரியார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அதனோடு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்து, மறைந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணிதமுறையால் மீட்டெடுத்து, 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே அவர் மறைந்தார். தமிழ்நூலை விளங்கிக்கொள்ள விஞ்ஞானத்தைத் துணைக்கொள்ளலாம் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செவி திசையறியும் வகை

செவிகள் இரண்டாக அமைந்தமை அழகின் பொருட்டன்று. வலப்புறத்தே எழும் ஓர் ஒலி வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் அடைகின்றது. ஒலி ஒரு செக்கனிலே ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆதலால், தலையைச் சுற்றி மறுசெவியை அடைய அதற்கு வேண்டும் காலம் மிகச் சிறிது. ஒரு செக்கனை ஆயிரங் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறுகூட இல்லை. அக்கூற்றின் மூன்றிலிரண்டு பங்கே ஆகும். இதுவே மிகப் பெரிய வேறுபாடு. செவியோ இதனினும் நுண்ணிய வேறுபாட்டை, செக்கனின் இலட்சத்தில் ஒரு கூற்றளவையும் உணரவல்லது.

கூரிய ஒலிகளுக்கு மற்றொரு வழியும் உண்டு. அவற்றைத் தலை மறைத்துக்கொள்வதால் மறுபுறச் செவியிலே ஒலி தணிந்து கேட்கும். காலவேறுபாடு, அளவுவேறுபாடு ஆகிய இவ்விரண்டினாலும் திசை அறியப்படுகின்றது என்பதை ஆங்கில நாட்டு அறிஞர் றேலி பிரபு 1907ஆம் ஆண்டிலே விளக்கினார். முன்னா பின்னா என்னும் ஐயத்தைத் தீர்ப்பதற்குப் புறச்செவியின் மடிப்புகள் துணைசெய்கின்றன. ஐயம் நீங்காவிடின் நாம் தலையைச் சற்றே திருப்புகின்றோம்.

இதனைப் படித்தபோது எனக்குத் தமிழ் இலக்கணமே நினைவுக்கு வந்தது. ‘முன்’, ‘பின்’ என்னும் சொற்கள் நம் மொழியில் இடத்தையும் உணர்த்தும், காலத்தையும் உணர்த்தும். ஏழாம் வேற்றுமைக்கு இடமும் காலமும் ஒருங்கே பொருளாவதைத் தொல்காப்பியர் கூறுகின்றார். நிலமும் பொழுதுமாகிய இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என வகுக்கின்றார். செவியும் அவ்வாறே காலத்தைக் கொண்டு இடத்தை அறிகின்றது. எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதே, எது எங்கே நிற்கின்றது என்பதாக நமக்குத் தோன்றுகின்றது.

ஒரு பெட்டியினின்று ஆறு பெட்டிக்கு

கொழும்பிலே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. எட்வேர்ட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர், சிறைபிடிக்கப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார் என்பது வரலாறு. பின்னர் 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1967இல் அஃது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அந்நாளில் இலங்கை வானொலியின் தமிழ்க் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் கேட்டது. ஆயினும், பாடகரும் பக்கவாத்தியமும் நாடக பாத்திரங்களும் எல்லாரும் அந்த ஒரே பெட்டியின் ஒரே வாயிலாகவே பேசினர். குரல் இருந்தது, இடம் இல்லை.

ஒலிக்கு இடமளிக்கும் முயற்சி மேனாட்டிலே அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. 1881இல் பாரிசு நகரத்து மின்சாரப் பொருட்காட்சியிலே கிளெமென் அடேர் என்பவர், இசைநாடக அரங்கின் முன்னே பல ஒலிவாங்கிகளை வைத்து, தொலைவிலுள்ளவர்கள் செவிக்கொன்றாக இரண்டு தொலைபேசிக் குழல்களை வைத்துக் கேட்குமாறு செய்தார். 1931இல் அலன் புளும்லீன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இருவழி ஒலிப்பதிவுக்கு உரிமைப்பத்திரம் கோரினார். 1940இல் வெளிவந்த ‘ஃபன்ரேசியா’ என்னும் திரைப்படத்திலே ஒலி மண்டபத்தைச் சூழ்ந்து கேட்குமாறு செய்யப்பட்டது. 1992இல் ஆறுவழி எண்முறை ஒலி திரையரங்குகளுக்கு வந்தது. டி.ரி.எஸ். என்னும் முறை இந்தியத் திரைப்படங்களுள் முதன்முதலாக 1996இல் ‘கருப்பு ரோஜா’ என்னும் தமிழ்ப் படத்திலே கையாளப்பட்டது என்பது தமிழர்க்கு உவகை தரும் செய்தி.

கணினியோ தொடக்கத்தில் ‘பீப்’ என்று கத்தும் ஊமைப்பொறியாகவே இருந்தது. அதற்கு நல்ல குரல் வழங்கியவர்களுள் சிங்கப்பூரார் முன்னிற்கின்றனர். சிம் வொங் ஹூ என்பவர் 1981இல் அங்கே தொடங்கிய கிரியேற்றிவ் நிறுவனம், 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்ரர்’ என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. 1998இல் நான்கு ஒலிபெருக்கிகளையும், அதன்பின் ஆறு ஒலிபெருக்கிகளையும் இயக்கும் அட்டைகள் வந்தன. இந்நாளிற் பெரும்பாலான மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையிலேயே அவ்வாற்றல் அடங்கியுள்ளது.

கணினியை ஆயத்தஞ் செய்தல்

அரங்கேற்று காதையின் ஐந்து கருவிகளையும் ஐந்து திசைகளில் ஒலிக்கச் செய்து மாணவர்க்குக் கேட்பிக்கலாம் என்னும் எண்ணம், என்னிடம் முன்னர்ப் படித்து இப்போது கணினித் தொழில் பார்க்கும் தம்பி ஒருவரோடு உரையாடியபோது பிறந்தது. “ஐயா, இதற்குப் பெரிய செலவில்லை. பாடசாலைக் கணினியே போதும், ஓர் ஒலியட்டை மாத்திரம் வாங்குவோம்” என்றார் அவர். பாடசாலைக் கணினியின் பின்புறத்தே மூன்று செருகுதுளைகளே இருந்தன: பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. இம்மூன்றையும் ஆறு ஒலிபெருக்கிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அப்பொழுது ஒலிவாங்கிக்குரிய இளஞ்சிவப்புத் துளை பறிபோய்விடும். நாங்களோ ஒலிப்பதிவும் செய்ய வேண்டியவர்கள். ஆதலால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலே தனியொரு அட்டை வாங்கினோம்.

கணினியின் மின்தொடர்பை முற்றாக நீக்கி, உடலிலுள்ள நிலைமின் அட்டையைக் கெடாதிருத்தற்பொருட்டுக் கணினிப் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, அதன்பின் அட்டையை உரிய பிளவிற் செருகி ஒரு திருகாணியால் இறுக்கினார் தம்பி. பின்னர் அதற்குரிய இயக்கி மென்பொருளை நிறுவினார். துளைகளின் நிறங்களுக்குப் பொருள் உண்டு. பச்சை முன்னிரு பெட்டிகளுக்கு உரியது. கறுப்புப் பின்னிரு பெட்டிகளுக்கு உரியது. செம்மஞ்சள் நடுப்பெட்டிக்கும் தாழொலிப் பெட்டிக்கும் உரியது. ஒவ்வொரு வயரிலும் இரண்டு வழிகள் உள. ஆகவே மூன்று வயர்களில் ஆறு வழிகள்.

இதனை 5.1 என்று குறிப்பர். ஐந்து பெட்டிகள் ஒலியின் முழுவீச்சையும் ஒலிக்கும். ஆறாவது, ‘சப்வூபர்’ என்னும் பெட்டி, அடித்தள அதிர்வை மாத்திரம் ஒலிக்கும். முழுவீச்சில் மிகச் சிறு பங்கே அதற்குரியதாகையால் அதனை ஒன்றெனக் கொள்ளாது புள்ளி ஒன்று என்றனர்.

எல்லாம் பூட்டியும் முதலில் முன்னிரு பெட்டிகளே ஒலித்தன. ஏனையவை மௌனஞ் சாதித்தன. இது பலர்க்கும் நேர்வது. வயரைச் செருகியதனால் மாத்திரம் கணினி ஆறு பெட்டிகளை அறியாது. இயல்பாக இரண்டையே எண்ணிக்கொள்ளும். ‘விண்டோஸ்’ ஒலி அமைப்புக்குச் சென்று, புதிய அட்டையை முதன்மைக் கருவியாகத் தெரிந்து, ஒலிபெருக்கி அமைப்பிலே 5.1 என்பதைக் குறிக்க வேண்டும். அங்கே படத்திற் காணும் ஒவ்வொரு பெட்டியையும் தொட்டால், அறையில் அதற்குரிய பெட்டி ஒலித்துக் காட்டும். நடுப்பெட்டிக்குரிய ஒலி தாழொலிப் பெட்டியிற் கேட்டால் இரண்டும் இடம்மாறியுள்ளன என்பது கருத்து. அதனை மாற்றவும் பல மென்பொருள்களில் வழியுண்டு.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்தல் வேண்டும். இரண்டு வழியாகப் பதியப்பட்ட பழைய பாடல் ஆறு பெட்டிகளிலும் ஒலித்தாலும், அஃது ஆறுவழி ஒலியாகிவிடாது. முன்னுள்ளதைப் பின்னும் படியெடுத்துத் தருவதே அங்கு நிகழ்வது. மூலத்தில் இல்லாத பொருளை உரைகாரர் எத்துணை விரித்தாலும் அது மூலமாகாததைப் போல என்க. ஆறு திசை கேட்க வேண்டுமாயின் ஆறாகவே பதிதல் வேண்டும்.

குழலை முன்னே விட்டவாறு

பதிவுக்கு ‘ஒடாசிற்றி’ என்னும் இலவச மென்பொருளைக் கையாண்டோம். யாழ் இல்லாமையால் வீணை, தண்ணுமைக்கு மிருதங்கம், முழவுக்குத் தவில், ஆமந்திரிகைக்கு உடுக்கு. இவை அக்கருவிகளே என்று யாம் வாதிக்கவில்லை. பயிற்சியின் பொருட்டுக் கொண்ட பதிலிகள் என்றே மாணவர்க்கும் கூறினோம்.

ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிந்தால் பிரித்தெடுத்தல் அரிது. அவ்வாறாயின் எதனை முதலிற் பதிவது? குழலூதிய மாணவன் முதலில் ஊதினான். வீணை மீட்டிய பிள்ளை அவ்வொலியைக் காதொலிப்பானிற் கேட்டுக்கொண்டே தொடர்ந்தாள். மிருதங்கக்காரன் அவ்விரண்டையும் கேட்டு வாசித்தான். இவ்வாறே தவிலும் உடுக்கும். மூன்றாவது கருவி பதிவாகும்போதுதான் மாணவியொருத்தி வியந்து, “ஐயா, நாங்கள் செய்கிறதும் அந்த வரிசைதானே!” என்றாள். ஆம், சுருதிக்குக் குழலும், அதனைத் தழுவி நரம்பும், அதன்மேல் தாளமும் என்பது அடிகள் தம் விருப்பத்தாற் செய்த அடுக்கன்று. தொழில் நிகழும் முறையே அதுவாகும். பல ஆண்டு உரை சொல்லியும் விளங்காத ஒன்று, ஒரு பிற்பகலிலே அப்பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

கணினி ஒலியை வாங்கிப் பதிவதிலே சிறு தாமதம் நேரும். கைதட்டலொன்றைப் பதிந்து பார்த்து, எவ்வளவு பின்தங்குகின்றது என்று அளந்து, அவ்வளவு முன்னே நகர்த்தினோம். பின்னர் ஆறு வழிகளுக்கும் உரிய வரிசைப்படி முன்னிடம் வீணை, முன்வலம் மிருதங்கம், நடுவிற் குழல், நான்காவதாகத் தோற்கருவிகளின் அடியதிர்வு, பின்னிடம் தவில், பின்வலம் உடுக்கு என அமைத்தோம். மாதவியின் அரங்கிலே இசைக்கலைஞர் அவையோரைச் சூழ்ந்து நிற்கவில்லை, அரங்கிலேயே நின்றனர். ஒவ்வொரு கருவியையும் செவி தனித்தறிய வேண்டும் என்பதற்காகவே நாங்கள் இவ்வாறு பிரித்தோம்.

நூலும் பாகைமானியும்

பெட்டிகளை எங்கே வைப்பது என்பதற்குச் சருவதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அளவு வகுத்துள்ளது. கேட்பவர் முகத்துக்கு நேரே நடுப்பெட்டி. அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் முன்னிரு பெட்டிகள். பின்பெட்டிகள் எனப்படுவன உண்மையில் முதுகுக்கு நேரே பின்னுள்ளவை அல்ல. நடுவிலிருந்து 100 முதல் 120 பாகைவரை, அஃதாவது செவிக்குச் சற்றே பின்னாக இருத்தல் வேண்டும். ஐந்தும் கேட்பவரிடமிருந்து சமதூரத்தில் இருப்பது நன்று.

கணித ஆசிரியரிடம் கரும்பலகைக்குரிய மரப் பாகைமானியை இரவல் பெற்றோம். நூலகத்தின் நடுவே ஒரு கதிரை. கதிரையில் நூலின் ஒரு தலைப்பைக் கட்டி, எட்டு அடி நூலைச் சுழற்றி நிலத்திலே வெண்கட்டியால் வட்டமிட்டோம். வட்டத்தின்மீது பாகை குறித்துப் பெட்டிகளை வைத்தோம். கோல்கொண்டு அரங்களந்த முன்னோரின் நினைவு வாராமற் போகுமா?

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனின், ஒலி ஓரடி செல்ல ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் ஆகின்றது. ஒரே ஒலி இரண்டு பெட்டிகளிலிருந்து வருமாயின், முன்னே வந்த ஒலியின் திசையையே செவி மெய்யெனக் கொள்ளும். ஒரு பெட்டி சில அடி அருகே இருந்துவிட்டால் எல்லா ஒலியும் அதன் பக்கமே சாய்ந்து தோன்றும். தாழொலிப் பெட்டிக்கு மாத்திரம் இக்கட்டுப்பாடு இல்லை. ஆழ்ந்த ஒலியின் ஓர் அலை பன்னிரண்டு பதினான்கு அடி நீளமுடையது. தலை அதற்கு ஒரு தடையே அன்று. ஆதலால் அதன் திசையை எவரும் எளிதில் அறியார், மூலையிலும் வைக்கலாம்.

நடு இருக்கை

முப்பது மாணவர் இருந்தும் நடு இருக்கை ஒன்றே. ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து கேட்குமாறு செய்தோம். முதலிற் பரிசோதனை: அமர்ந்தவர் கண்ணை மூடிக்கொள்வார், தம்பி கணினியில் ஏதேனும் ஒரு பெட்டியை ஒலிக்கச் செய்வார், அமர்ந்தவர் திசையைக் கையாற் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாயிற்று. கைகள் பெட்டிகளை நோக்கிப் பிழையின்றி நீண்டன.

கொழும்பிலே வாழ்ந்தவர்க்குத் திசையறிதல் எப்பொழுதும் விளையாட்டாக இருந்ததில்லை. 1996 சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கியிலும், 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் குண்டு வெடித்தபோது, எங்கள் தெருவிலே எழுந்த முதல் வினா ‘எந்தப் பக்கம்?’ என்பதே. பிள்ளை படிக்கும் திசையா, கணவர் தொழில் பார்க்கும் திசையா என்று செவியைக் கேட்டு நெஞ்சு நடுங்கிய நாள்கள் அவை. அதே செவி இசைக்காகத் திசையறிவதைக் கண்டு அன்று மகிழ்ந்திருந்தேன்.

அவ்வேளை ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி நடு இருக்கையில் அமர்ந்தாள். முன்வலப் பெட்டி ஒலித்தது, வலப்புறம் காட்டினாள். பின்னிடப் பெட்டி ஒலித்தது. மீண்டும் வலப்புறம் காட்டினாள். முன்னிடம் ஒலித்தபோதும் வலப்புறமே. பிள்ளைகள் நகைத்தனர். அவள் கண்விழித்து, “எல்லாம் இந்தப் பக்கந்தானே கேட்குது” என்றாள். பகடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வியந்து சொன்னாள். வயர்களைச் சோதித்தோம், பழுதில்லை. கதிரையை மறுபுறம் திருப்பி அவளை அமரச் செய்தோம். இப்பொழுது மறுபக்கத்துப் பெட்டிகள் அவள் வலப்புறமாயின. அப்பொழுதும் அவள் கை வலத்தையே நோக்கி நீண்டது. நகைப்பு அடங்கிவிட்டது.

அன்னையாரை அழைத்துப் பேசினேன். “சின்ன வயதிலிருந்தே கூப்பிட்டால் வேறு பக்கம் பார்ப்பாள் ஐயா. பராக்குப் பார்க்கிற குணம் என்றுதான் நாங்கள் நினைத்தம்” என்றார் அவர். முன்னைய வகுப்புகளின் முன்னேற்ற அறிக்கைகளிலும் கவனக்குறைவு என்னும் சொல்லே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டியபோது, இடச்செவி முற்றாகவே கேளாது என்பது தெரிந்தது. கூகைக்கட்டுப் போன்ற நோய் குழந்தைப் பருவத்திற் கண்டு, ஒரு செவியின் உள்நரம்பை அழித்துச் செல்வதுண்டு. பிறவியிலே நேர்வதும் உண்டு. ஒரு செவி நன்றாக இருத்தலால் பேச்சுத் தடைப்படுவதில்லை. அமைதியான அறையிலே எல்லாம் கேட்கும். ஆகவே வீட்டாரும் ஐயுறுவதில்லை. பிள்ளைக்கோ உலகம் இவ்வளவே என்று பழகிவிடுகின்றது. இரைச்சல் மிகுந்த வகுப்பறையிலே மாத்திரம் அது தொல்லைப்படும். இருசெவி உடையார் இரைச்சலினின்று ஆசிரியர் குரலைத் திசையாற் பிரித்தெடுப்பர். ஒருசெவியார்க்கு அவ்வுதவி இல்லை.

அப்பிள்ளை வகுப்பிலே வலப்பக்கத்துக் கடைசி வரிசையில், நல்ல செவி வீதியை நோக்கியிருக்க அமர்ந்திருந்தாள். பேருந்தின் இரைச்சல் செவியுள்ள பக்கம். ஆசிரியர் குரல் செவியில்லாத பக்கம். இப்பொழுது அவள் இடப்பக்கத்து முன்வரிசையில், நல்ல செவி வகுப்பையும் ஆசிரியரையும் நோக்கியிருக்க அமர்கின்றாள். செலவில்லாத மருத்துவம், கதிரை ஒன்று இடம்மாறியதன்றி வேறொன்றும் செய்யவில்லை. சொல்வதெழுதலிலே அவள் விட்டுவிடும் சொற்கள் வெகுவாகக் குறைந்துள்ளன. வீதி கடக்கும்போது செவியை நம்பாது இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும் என்றும் வீட்டார் பழக்கியுள்ளனர். ஐந்து கருவிகளின் பதிவை அவள் எல்லாரையும் போலவே விரும்பிக் கேட்கின்றாள். திசைகள் அவளுக்கு இல்லை. ஆயினும் குழலின்பின் வீணை வருவதும், அதன்பின் தோற்கருவிகள் சேர்வதும் அவளுக்கும் தெளிவாகக் கேட்கின்றன. இளங்கோவடிகள் வகுத்த வரிசை ஒருசெவிக்கும் போதுமானதாயிருக்கின்றது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆறு ஒலிபெருக்கிகளை அமைத்தல் எல்லாப் பாடசாலைகளுக்கும் இயலுவதன்று. இச்சோதனைக்கு அவை வேண்டுவதுமில்லை. பிள்ளையை நடுவே இருத்தி, கண்ணை மூடச் செய்து, நான்கு மூலையிலும் நால்வர் நின்று முறையின்றிக் கைதட்டினாற் போதும். ஒரே பக்கத்தையே மீண்டும் மீண்டும் காட்டும் பிள்ளை இருக்குமாயின், நகையாது, பெற்றோருக்கு அறிவித்து வைத்தியரிடம் அனுப்புக. இச்சோதனை வைத்தியர் செய்யும் செவிச் சோதனைக்கு ஈடாகாது. ஐயத்தைத் தோற்றுவித்தலே இதன் பயன். முடிவுசெய்தல் வைத்தியர் கடன்.

கவனக்குறைவு என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுமுன், அப்பிள்ளை எங்கே அமர்ந்திருக்கின்றது, நம் குரல் அதன் எச்செவியைச் சென்றடைகின்றது என்று ஒருமுறை எழுந்து சென்று பார்ப்போமாக.